வீட்டு ஸ்டூடியோவில் இரைச்சலா? சத்தத்தை வைத்தே காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி மைக், இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர் என்று வாங்கி வைத்த எல்லோரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள்: பாடியது நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னால் ஏதோ இரைகிறது. யாரிடம் கேட்டாலும் கேபிளை மாற்று, யூபிஎஸ் போடு, பவர் கண்டிஷனர் வாங்கு என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். எந்த மாதிரி இரைச்சல் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். ‘ம்ம்ம்’ என்று கேட்பதற்கும் ‘ஜ்ஜ்ஜ்’ என்று கேட்பதற்கும் ‘உஸ்ஸ்’ என்று கேட்பதற்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. கீழே ஒவ்வொரு சத்தமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அறையில் கேட்பது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்து வரும் சோதனைகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டிய சோதனைகள்

இரைச்சல் ஃபைலிலேயே பதிவாகிறதா, ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிறதா? அரை நிமிடம் யாரும் பேசாமல் ரெக்கார்ட் செய்து, அந்த ஃபைலை போனுக்கு மாற்றி ஹெட்போனில் கேளுங்கள். அதில் சுத்தமாக இருந்தால் மைக், மைக் கேபிள், ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்கும் பகுதி) எதையும் தொட வேண்டாம். கோளாறு இன்டர்ஃபேஸுக்குப் பின்னால், ஸ்பீக்கர் பக்கம். ஃபைலிலும் இருந்தால் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, சத்தம் உள்ளே வரும் பக்கத்தைப் பாருங்கள். மைக் கேபிளை ஆராய்ந்துகொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்கள் பலர் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள்தான்.

அடுத்து, மைக்கின் காதில் விழும் சத்தமா, கம்பி வழியே வரும் சத்தமா? கெயினை (மைக் சிக்னலைப் பெருக்கும் குமிழ்) குறைத்து, 48 வோல்ட் ஃபேன்டமை (கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே போகும் கரண்ட்) அணைத்து, மைக்கிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, கெயினைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். இரைச்சல் முழுக்கப் போய்விட்டால் அநேகமாக அது ஃபேன் காற்று, ஏசி, பக்கத்து வீட்டு மோட்டார் மாதிரி அறையில் உண்மையாகவே இருக்கும் ஓசை. கதவிடுக்கை அடைப்பதும் மெத்தையைச் சாத்துவதும் வேறு கலை. இங்கே அதற்குள் போகவில்லை. இரைச்சல் குறையாமல் அப்படியே இருந்தால் அது மின்சாரம் சம்பந்தப்பட்டது.

மூன்றாவது, சுருதி. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 5 கட்டை ஷட்ஜத்தைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போனால் 49 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். ஆகவே மின்சார ஹம் (‘ம்ம்ம்’ என்ற முனகல்) எப்போதுமே 5 கட்டைக்குக் கொஞ்சம் மேலே, அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நிற்கும். தம்புரா ஆப்பை 5 கட்டையில் வைத்து இரைச்சலோடு சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் சேர்வது போல வந்து சேராமல் அலையடித்தால், அது கரண்டிலிருந்து வருவது. 5 கட்டையில் பாடுகிறவர்களை இந்த ஹம் மற்றவர்களைவிட அதிகமாகப் படுத்துவதும் இதனால்தான்.

காதை நம்பாவிட்டால் ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் அந்த அரை நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் போடுங்கள். அதில் சைஸ் என்ற இடத்தில் 16384 அல்லது அதற்கு மேல் வையுங்கள். சின்ன எண்ணாக இருந்தால் 50-உம் 100-உம் ஒன்றோடொன்று கரைந்து ஒரே மேடாகத் தெரியும். 50, 150, 250 ஹெர்ட்ஸில் முனைகள் எழுந்து நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது எர்த் லூப் (என்னவென்று கீழே சொல்கிறேன்) பக்கம் தேடுங்கள். 100, 200, 300 என்று சீப்புப் பற்கள் போல வரிசையாக மேலே வரை போனால் ரெகுலேட்டர், பல்பு, பவர் சப்ளை பக்கம். கறாரான விதி இல்லை இது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று சொல்லும், அவ்வளவுதான்.

எந்தப் பகுதிக்குப் போனாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்தாலோ, மூன்றை இரண்டாக்கும் அடாப்டர் போட்டாலோ ஹம் நின்றுவிடும் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். நிற்கும், உண்மைதான். ஆனால் அந்த ஸ்பீக்கருக்குள்ளோ ஆம்ப்பிலோ என்றைக்காவது ஃபேஸ் வயர் பாடியில் பட்டால், ஃபியூஸையோ எம்சிபியையோ விழவைக்க வேண்டிய பாதை இருக்காது. மெட்டல் கிரில் உள்ள மைக்கை உதட்டோடு வைத்துப் பாடுகிறவருக்கு அந்தக் கரண்ட் போகும்.

‘ம்ம்ம்ம்’ — ஸ்பீக்கரில் மட்டும், வால்யூமைக் குறைத்தாலும் குறையாதது

வீட்டு ஸ்டூடியோக்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். இன்டர்ஃபேஸின் வால்யூம் குமிழை முழுக்கக் கீழே இறக்கினாலும் ஹம் அதே அளவில் நிற்கும். அப்படியென்றால் அது குமிழுக்குப் பிறகு உள்ளே புகுந்தது.

முதலில் ஸ்பீக்கரின் பின்னாலுள்ள ஆடியோ கேபிளைக் கழற்றுங்கள். எதுவுமே குத்தாத நிலையிலும் ஸ்பீக்கர் முனகினால் அதன் பவர் சப்ளையில் கோளாறு, சர்வீஸுக்குக் கொடுங்கள். கழற்றியதும் அமைதியாகிவிட்டால் ஸ்பீக்கர் நலம், அடுத்த சோதனைக்குப் போங்கள்: கேபிளைத் திரும்பக் குத்திவிட்டு லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியில் ஓடும்போது ஹம் சட்டென்று நின்றால், அது எர்த் லூப்.

என்ன நடக்கிறதென்றால், லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக் வழியாக எர்த்துக்குப் போகிறது. இரண்டு மானிட்டர்களும் தங்கள் தங்கள் பிளக் வழியாக எர்த்துக்குப் போகின்றன. ஆடியோ கேபிளின் மேல்வலை (உள்கம்பிகளைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல்) இவற்றை இன்னொரு பக்கம் கோத்துவிடுகிறது. இப்போது ஒரு முழு வளையம் உருவாகிவிட்டது. ஒரு சுவரிலிருக்கும் எர்த்துக்கும் எதிர்ச் சுவரிலிருக்கும் எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும். அந்த வளையத்தில் கரண்ட் ஓடும், கேபிளின் மேல்வலையில் ஓடுவது பாட்டோடு கலந்து கேட்கும்.

வைத்தியத்தைச் செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன். லேப்டாப், இன்டர்ஃபேஸ், மானிட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எடுங்கள். லோடு தாங்குமா என்று பயப்பட வேண்டாம். 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் 1380 வாட் வரை தரும். லேப்டாப் சார்ஜர் 65 வாட், சின்ன மானிட்டர்கள் ஜோடிக்கு 200 வாட் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் கால்வாசியைத் தாண்டாது. அந்தப் பாக்ஸில் அயர்ன் பாக்ஸைக் குத்தாமல் இருந்தால் போதும். எல்லா எர்த்தும் ஓரடி இடைவெளிக்குள் சேர்ந்துவிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமல் போகும்.

அடுத்தது கேபிள். இன்டர்ஃபேஸிலிருந்து மானிட்டருக்குப் போகும் ஜாக்கைக் கையில் எடுத்து முனையைப் பாருங்கள். கறுப்பு வளையம் ஒன்றுதான் இருந்தால் அது டிஎஸ், கிடாருக்குப் போடுவது. இரண்டு இருந்தால் டிஆர்எஸ், பேலன்ஸ்டு. பேலன்ஸ்டு கேபிளில் பாட்டு இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகும், இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மானிட்டர் இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் பொதுவாக ஏறியது கழிந்துபோகும். இரு பக்கமும் பேலன்ஸ்டாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆர்சிஏ (டிவிடி ப்ளேயரில் பார்க்கும் சிவப்பு-வெள்ளை ஜாக்) என்றால் பலன் பாதிதான். சுமாரான டிஎஸ் கேபிளை எடுத்துவிட்டு டிஆர்எஸ் போட்டதுமே பிரச்சினை முடிந்த வீடுகள்தான் அதிகம். தங்க முலாம், ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று விலை ஏற்றியதை வாங்கத் தேவையில்லை.

உங்கள் ஸ்பீக்கரில் ஆர்சிஏ மட்டும்தான் இருக்கிறதென்றால், நடுவே ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற பெயரில் கார் ஆடியோக் கடைகளிலும் கிடைக்கும். விலை குறைந்தவை அடிநாதத்தைக் கொஞ்சம் தின்னும். மிக்ஸிங்குக்கு உகந்ததல்ல, கேட்க மட்டும் பரவாயில்லை.

இவ்வளவு செய்தும் போகவில்லையென்றால் வேறு ஏதாவது கம்பி கம்ப்யூட்டருக்குள் வருகிறதா என்று பாருங்கள். டிவியை இரண்டாவது ஸ்கிரீனாக எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருப்பார்கள். டிவியில் செட்டாப் பாக்ஸ், அதிலிருந்து கேபிள் மாடியிலுள்ள டிஷ்ஷுக்கு. மொட்டை மாடி வரை நீளும் லூப் அது. எச்டிஎம்ஐயைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

‘கீச்ச்…’ — மவுஸை நகர்த்தினால் மாறும் சத்தம்

பக்கத்தை ஸ்க்ரோல் செய்தால் கீச்சொலி ஏறும், ப்ளக்-இன் (ரெக்கார்டிங் மென்பொருளில் சேர்க்கும் எஃபெக்ட்) திறந்தால் இன்னொரு மாதிரி பாடும். இது கம்ப்யூட்டருக்குள் நடப்பதன் எதிரொலி. பிராசஸரும் கிராஃபிக்ஸும் கரண்டை விட்டுவிட்டு இழுக்கும்போது, யூஎஸ்பியின் கிரவுண்ட் வயர் வழியே அது இன்டர்ஃபேஸுக்குள் வந்துவிடுகிறது. ஸ்பெக்ட்ரத்தில் சரியாக 1000 அல்லது 8000 ஹெர்ட்ஸில் ஒரு முனை நின்றால் அது யூஎஸ்பிக்கே உரியது: பழைய யூஎஸ்பி வேகத்தில் நொடிக்கு 1000 தடவையும், யூஎஸ்பி 2-இன் அதிவேகத்தில் 8000 தடவையும் பாக்கெட் போகிறது.

இதிலும் முதல் சோதனை சார்ஜரைப் பிடுங்குவதுதான். பேட்டரியில் நின்றுவிட்டால் இதுவும் எர்த் லூப்பின் தம்பிதான், மேலே சொன்ன பேலன்ஸ்டு கேபிள் வைத்தியமே பலிக்கும். நிற்காவிட்டால் யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு லேப்டாப்பிலேயே நேராகக் குத்துங்கள். மறுபக்கத்துப் போர்ட்டையும் பாருங்கள். இன்டர்ஃபேஸுக்குத் தனி அடாப்டர் போடும் வசதி இருந்தால் போடுங்கள்.

யூஎஸ்பி ஐசொலேட்டர் என்று சின்னதாக ஒரு டப்பா விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் வேகத்தைப் பாருங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் பல 12 எம்பிபிஎஸ் மட்டும். யூஎஸ்பி 2 இன்டர்ஃபேஸ்கள் 480 எம்பிபிஎஸ் கேட்கும், அந்த டப்பாவில் அவை ஓடாது அல்லது அரைகுறையாக ஓடும். 480 தாங்கும் ஐசொலேட்டர் கிடைக்கிறது, ஆனால் அந்தக் காசுக்கு நல்ல டிஆர்எஸ் கேபிள்களை வாங்கிவிட்டு மீதியும் வைத்திருக்கலாம்.

சுருசுரு — லேப்டாப்பைத் தொட்டால் கை கூசுகிறது, மைக்கைத் தொட்டால் ஹம் மாறுகிறது

வெறுங்காலோடு உட்கார்ந்து மெட்டல் பாடி லேப்டாப்பின் ஓரத்தில் விரலைத் தடவினால் மெல்லிய அதிர்வு தெரியும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். மல்டிமீட்டரில் பாடிக்கும் நிலத்துக்கும் நடுவே 100 வோல்ட் பக்கம் காட்டிப் பயமுறுத்தும். இரண்டு பின் சார்ஜரில் இது இயல்பு: இரைச்சலை அடக்குவதற்காக உள்ளே வைத்திருக்கும் சின்னக் கெப்பாசிட்டர், ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜில் பாடியை மிதக்க விடுகிறது. நல்ல சார்ஜரில் வோல்ட்டேஜ் பெரிதாகத் தெரிந்தாலும் ஓடக்கூடிய கரண்ட் மிகமிகச் சின்னது. ஆனால் சார்ஜர் மூன்று பின்னாக இருந்தும் கூசினால் விஷயம் வேறு. உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை.

இதை ஓரளவுக்கு நீங்களே பார்க்கலாம். மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டிலோ அதற்கு நெருங்கிய ரேஞ்சிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம் வரும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 80, 110 என்று அலைபாய்ந்தால் அந்த ஓட்டையின் பின்னால் வயரே இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. மீட்டரில் 230 வந்துவிட்டால் மட்டும் எர்த் உறுதி என்று சொல்ல முடியாது; கரண்டைத் தாங்குமா என்பதை லோடு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை. சாக்கெட்டில் கையை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் மேலே சொன்ன அளவையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

கூப்பிட்டால் வருகிறவர், “லைட் எரியுது, ஃபேன் ஓடுது, அப்புறம் என்ன சார் எர்த்து?” என்று கேட்கக்கூடும். சுவிட்ச் போர்டைக் கழற்றச் சொல்லுங்கள். சாக்கெட்டின் பின்னால் பச்சை வயர் வந்திருக்கும், ஆனால் திருகில் ஏறாமல் மடக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாகக் கிடக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் திறந்து பாருங்கள். மேலே மூன்று ஓட்டை, ஆனால் உள்ளே வருவது இரண்டே வயர் கொண்ட கேபிள். எர்த் ஓட்டையின் பின்னால் ஒன்றும் இருக்காது. இந்த ரகம் கடைகளில் சர்வசாதாரணம். மூன்று வயர் கேபிளா என்று கேட்டு வாங்குங்கள்.

கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி உள்ள வீடென்றால் கோடையில் மண் காய்ந்துபோய் எர்த் பலவீனமாகும். சித்திரை, வைகாசியில் மட்டும் ஹம் வருகிறது என்றால் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அந்தக் குழாயின் மேலே புனல் வைத்திருப்பதே அதற்குத்தான்.

எர்த் இல்லாத வீட்டில் சில வயர்மேன்கள் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலை எர்த் பின்னோடு சேர்த்துவிடுவார்கள். ஹம் போகும், கூச்சமும் போகும். ஆனால் என்றாவது நியூட்ரல் எங்கோ அறுந்தால் உங்கள் லேப்டாப், மைக், கிடார் தந்தி எல்லாவற்றிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் வேண்டாம். இப்போது பாதிக் குழாய் பிவிசி, அது எர்த்தே அல்ல. முறையாக வயர் இழுப்பதுதான் ஒரே வழி. கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் போட்டுவிடச் சொல்லுங்கள்.

இரண்டு பின் சார்ஜர் லேப்டாப்பும் யூஎஸ்பியில் ஓடும் இன்டர்ஃபேஸும் ஹெட்போனும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, எர்த்தோடு தொடர்புள்ள பொருள் ஒன்றுகூட இருக்காது. மைக்கைத் தொட்டால் ஹம் குறையும் அல்லது கூடும். அந்த லேப்டாப் கம்பெனியே மூன்று பின் சார்ஜர் விற்றால் அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் பேட்டரியில் ரெக்கார்ட் செய்யுங்கள்.

‘ஜ்ஜ்ஜ்ஜ்’ — கூரான, அறுக்கிற சத்தம்

ஹம் அல்ல, பஸ் (buzz). காதை அறுக்கும், மேல் ஸ்தாயி வரை நீளும். முதல் சந்தேகம் ஃபேன் ரெகுலேட்டர் மேல். தொடர்ச்சியாகத் திருப்பக்கூடிய பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், ஒவ்வொரு அரை அலையிலும் கரண்டை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. நொடிக்கு 100 வெட்டு. ஃபேனை அணைத்ததும் பஸ் நின்றால் ரெகுலேட்டரை 1, 2, 3 என்று டக் டக்கென்று நிற்கும் ஸ்டெப் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். அதில் கெப்பாசிட்டர்தான் வேலை செய்கிறது, வெட்டு இல்லை. டேக் எடுக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுவேன், எனக்கெதற்கு என்று நினைக்கலாம். பக்கத்து அறையிலும் அதே ரெகுலேட்டர்தான் இருக்கும், அம்மாவுக்கு அங்கே ஃபேன் வேண்டும்.

அடுத்தது எல்இடி பல்புகள், அழகுக்காக ஒட்டிய எல்இடி ஸ்ட்ரிப், சோக் உள்ள பழைய டியூப்லைட். எல்லாவற்றையும் அணைத்து, ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டு ஹெட்போனில் கேளுங்கள். திருடன் கையும் களவுமாக மாட்டுவான்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் பஸ் வந்தால் அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் வேவ் ரகம்தான் ஆடியோவுக்கு ஆகும். அதுவரை கரண்ட் கட் நேரத்தில் லேப்டாப் பேட்டரி, யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஹெட்போன் என்று சுவரிலிருந்து முழுக்க விலகிவிடுங்கள். பல வீடுகளில் அதுதான் இருப்பதிலேயே அமைதியான நிலை.

ஒற்றையாய் ‘டப்’ என்று விழும் சத்தம் ஃப்ரிட்ஜ், ஸ்டெபிலைசர், தண்ணீர் மோட்டாரின் ரிலே. ஃப்ரிட்ஜை அரை மணிநேரம் அணைப்பதே எளிய வழி. அணைத்ததை மறந்து பால் கெட்டுப்போகாமல் இருக்க, லொக்கேஷன் சவுண்ட் ஆட்கள் செய்வது போல வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

கிடார், வீணை, வயலின் பிக்கப்பில் மட்டும் வரும் ஹம்

தந்தியைத் தொட்டால் ஹம் குறைகிறதா? எலெக்ட்ரிக் கிடாரில் அது இயல்பு. உங்கள் உடம்பு அறையிலிருக்கும் மின்புலத்தைப் பிடித்து பிக்கப்பிடம் (தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பகுதி) கொடுக்கிறது, தந்தியைத் தொட்டால் அது எர்த்தாகிவிடுகிறது. தொட்டால் கூடுகிறதென்றால் உள்ளே பிரிட்ஜுக்குப் போகும் வயர் விட்டுப்போயிருக்கலாம், அல்லது உங்கள் எர்த்தே இல்லை.

சிங்கிள் காயில் பிக்கப் என்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிடாரோடு மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் ஹம் பாதாளத்துக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப், அடாப்டர் பக்கத்திலிருந்து இரண்டடி நகர்ந்தாலே பெரிய மாற்றம் தெரியும். காயில் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது, அதற்கு எந்தக் கேபிளும் மருந்தல்ல. 1955-இல் கிப்ஸன் நிறுவனத்தின் செத் லவர் இரண்டு காயில்களை எதிரெதிராகச் சுற்றி ஹம்பக்கரைச் செய்ததே இதற்காகத்தான்.

வீணையிலும் வயலினிலும் ஒட்டுவது பெரும்பாலும் பீசோ, அதாவது அதிர்வை மின்சிக்னலாக்கும் தகடு. அதற்குத் திசை பார்க்கும் வைத்தியம் வேலை செய்யாது. பீசோவுக்கு இன்புட் இம்பீடன்ஸ் குறைந்தது 1 மெகாஓம் வேண்டும். லைன் இன்புட்டில் குத்தினால் நாதம் சன்னமாகித் தகரமாகக் கேட்கும், அதை ஈடுகட்டக் கெயினை ஏற்றினால் ஹம்மும் ஏறும். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ பட்டனை அழுத்துங்கள். கேபிளை மூன்று மீட்டருக்குள் வையுங்கள். மலிவு பீசோக்களில் வட்டத் தகட்டிலிருந்து ஜாக் வரை வருவது மேல்வலை இல்லாத வெறும் இரட்டை வயர். அந்த ஒரு சாணில்தான் ஹம் ஏறுகிறது. மேல்வலை உள்ள மெல்லிய கேபிளுக்கு மாற்றச் சொன்னால் எந்த சவுண்ட் சர்வீஸ் கடையிலும் செய்துவிடுவார்கள். மேடையிலும் வாசிப்பவர் என்றால் எர்த் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் (வாத்தியச் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) ஒன்று பையில் இருக்கட்டும். அது ஆடியோ கேபிளின் எர்த்தை மட்டும் விடுவிக்கிறது, கரண்ட் எர்த்தைத் தொடுவதில்லை, அதனால் பாதுகாப்பானது.

‘டிடிடிட்… டிடிடிட்’

மொபைல். 2ஜி சிக்னல் நொடிக்கு ஏறக்குறைய 217 தடவை விட்டுவிட்டு அனுப்புவதன் ஓசை. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு அறைக்கு வெளியே வையுங்கள், முடிந்தது. நீளமான கேபிளில் ரேடியோ ஸ்டேஷனே கேட்டால், கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையத்துக்குள் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். அந்த வளையம் 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்கு ஒன்றும் செய்யாது.

‘கரகர’, ‘பட்பட்’

கேபிளை இரு முனையிலும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது கரகரத்தால் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளின் மூன்று பின் முனை) மூடியைத் திருகித் திறங்கள். 1-ஆவது பின்னில் மேல்வலை, 2-இலும் 3-இலும் பாட்டு. மேல்வலையின் நூலிழைகள் பெரும்பாலும் அறுந்து இரண்டு மூன்று இழை மட்டும் ஈயத்தில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். ஈயம் பளபளப்பு இல்லாமல் சாம்பல் நிறத்தில் மணல்மணலாக இருந்தால் அதுவும் நிற்காத சால்டர், உருக்கி மறுபடி வையுங்கள். 2 அல்லது 3 அறுந்திருந்தால் சத்தம் குறைந்து ஹம்மும் சேரும். ஃபேன்டம் சந்தேகமென்றால் கேபிள் முனையில் 1-க்கும் 2-க்கும், 1-க்கும் 3-க்கும் டிசி வோல்ட்டேஜ் பாருங்கள். இரண்டும் 48 பக்கத்தில், ஒரே அளவாக இருக்க வேண்டும்.

கண்டென்சர் மைக்கில் யாரும் தொடாமலே ‘பட்… பட்’ என்றால் ஈரப்பதம். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது அதிகம். கேப்ஸ்யூலில் படியும் ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிடுகிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு ஓரிரு நாள் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மைக்கை எப்போதும் ஸ்டாண்டிலேயே விட்டுவைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

கரகரப்பு ப்ளக்-இன் கூடக் கூட அதிகமானால் அது மின்சாரமே அல்ல, கம்ப்யூட்டர் திணறுகிறது. ரெக்கார்டிங் மென்பொருளின் ஆடியோ செட்டிங்ஸில் பஃபரை 64-இலிருந்து 256-க்கு ஏற்றுங்கள்.

‘உஸ்ஸ்ஸ்’

இதற்கும் எர்த்துக்கும் சம்பந்தமில்லை. 150 ஓம் மைக் எதுவாக இருந்தாலும், வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைவதிலேயே சுமார் −131 டிபியு (சிக்னல் வோல்ட்டேஜை டெசிபெல்லில் சொல்லும் அளவு) இரைச்சல் இருக்கும். இயற்கை போட்ட தரை அது. நல்ல ப்ரீஆம்ப்கள் அதற்கு இரண்டு மூன்று டெசிபெல் மேலேயே வந்துவிட்டன. ஆகவே உஸ் அதிகமாகக் கேட்டால் காரணம் பெரும்பாலும் தூரம். ஷூர் எஸ்எம்7பி மாதிரி சிக்னல் சன்னமான டைனமிக் மைக்கை ஓரடி தள்ளி வைத்துப் பேசிவிட்டு 60 டெசிபெல் கெயின் கொடுத்தால் உஸ் வரத்தான் செய்யும். தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் 6 டெசிபெல் கூடும், அவ்வளவு கெயினையும் குறைக்கலாம். 24 பிட்டில் உச்சம் −12-ஐத் தொட்டாலே தாராளம். சிவப்பு விளக்கு வரை ஏற்ற வேண்டியதில்லை.

உஸ் ஸ்பீக்கரில் மட்டும் என்றால் மானிட்டரின் பின்னாலிருக்கும் கெயினைக் குறைத்து, இன்டர்ஃபேஸ் அவுட்புட்டை ஏற்றுங்கள். ட்வீட்டரில் காதை ஒட்டினால் மட்டும் கேட்கும் உஸ்ஸை மறந்துவிடலாம்.

எதை வாங்கக் கூடாது

பவர் கண்டிஷனர் எர்த் லூப்பைத் தீர்க்காது. லூப் இருப்பது ஆடியோ கேபிளில், கண்டிஷனர் இருப்பது சுவர்ப் பக்கம். நாய்ஸ் கேட் (சத்தம் குறையும்போது ஒலியை அடைத்துவிடும் ப்ளக்-இன்) போட்டால் பாடாத இடத்தில் அமைதி வரும், பாடும் இடத்தில் ஹம் கூடவே பாடும். சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்து, கேபிளைத் திறந்து பார்த்து, சாக்கெட்டை அளந்து பார்க்கும் வரை கடை வாசலை மிதிக்க வேண்டாம்.

ஏற்கெனவே ரெக்கார்ட் ஆகிவிட்டதென்றால்

50, 100, 150 ஹெர்ட்ஸில் மிகக் குறுகிய நாட்ச் (அந்த ஓர் இடத்தை மட்டும் வெட்டும் ஃபில்டர்) போடலாம். 200-க்கு வரும்போது கவனம்: 5 கட்டையில் பாடுகிறவரின் ஷட்ஜம் 196-இல் இருக்கிறது. நாட்ச் கொஞ்சம் அகலமானாலும் ஹம்மோடு சேர்த்து ஷட்ஜத்தையும் கொத்திக்கொண்டு போய்விடும், ஆலாபனையில் அந்த ஒரு சுரம் மட்டும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அந்த இடத்தில் நாட்சை விட்டுவிட்டு நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுங்கள். அதற்குப் பாட்டு இல்லாத வெறும் இரைச்சல் கொஞ்சம் மாதிரிக்குத் தேவை. ஒவ்வொரு செஷன் தொடக்கத்திலும் சில நொடி சும்மா ரெக்கார்ட் செய்து வைப்பது இதற்குத்தான். 6 முதல் 10 டெசிபெல் வரை குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். மேலே தம்புராவும் மிருதங்கமும் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் ஹம் யார் காதிலும் விழாது. தனிக்குரல் வாய்ஸ் ஓவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே காரணத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி பேசி எடுப்பதுதான் குறைந்த வேலை.